ஒரு சைக்கிள், இரண்டு ஜோடி சக்கரம்

கோயம்புத்தூரில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பாலக்காட்டு ரோட்டில் வாளையார் வரைக்கும் நல்ல தார் ரோடு, காலை வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம். அதே ஊரில் பேரூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரி, குளக்கரை, செம்மண் தடம் என்று இன்னொரு உலகம். என்னிடம் இருப்பதோ ஒரே சைக்கிள். 29 இஞ்ச் ஹார்ட்டெயில், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 11 கியர் கொண்ட ஷிமானோ டியோர் செட். இரண்டாவது சைக்கிள் வாங்க வீட்டில் இடமும் இல்லை, கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

முதல் ஒரு வருஷம் டயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, மண்ணுக்கான முண்டு முண்டான பட்டன் டயரைக் கழற்றி வழுவழு டயரைப் போடுவது, அடுத்த வாரம் திரும்ப மாற்றுவது. ட்யூப்லெஸ் டயரில் இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருக்கிற சீலண்ட் மோர் மாதிரி கொட்டும், காய்ந்தால் ரப்பர் மாதிரி ஒட்டும். பாத்ரூம் டைல்ஸில் இன்னும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை. அழுக்கை விடுங்கள், அந்த ஏற்பாடே தப்பு. என் ரிம்மின் உள் அகலம் 30 மி.மீ. அதில் 2.3 இஞ்ச் டயர் அழகாக உட்காரும், 35 மி.மீ. ரோடு டயரைப் போட்டால் டயரின் பக்கச்சுவர் விரிந்து போய் மேல்பகுதி தட்டையாகிவிடும், வளைவில் சாய்த்தால் எந்த நேரம் என்ன ஆகுமோ என்று இருக்கும். மெல்லிய டயருக்கு 20, 21 மி.மீ. ரிம்தான் சரி. ஆக, டயரை மாற்றினால் போதாது, சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

சக்கரம் என்றதும் பலர் கேட்பது, மவுண்டன் பைக்கில் ரோடு சக்கரம் ஏறுமா என்றுதான். ஏறும். 29 இஞ்ச் என்பதும் ரோடு சைக்கிள்காரர்கள் 700சி என்பதும் ஒரே விட்டம், டயர் உட்காரும் இடத்தில் இரண்டுமே 622 மி.மீ. 29 இஞ்ச் என்பது பருமனான டயரையும் சேர்த்துச் சொல்கிற பேச்சு அளவு, அவ்வளவுதான். இன்னொரு வசதி டிஸ்க் பிரேக். பழைய ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் விட்டம் மாறினால் பிரேக் கட்டை எட்டாது. டிஸ்க்குக்கு அந்தக் கவலை கிடையாது, அது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் மாட்டிய டிஸ்க்கைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் 26 இஞ்ச் டிஸ்க் வண்டி வைத்திருந்த சிலர்கூட அந்தக் காலத்தில் 700சி சக்கரம் மாட்டி ஓட்டினார்கள்.

ஏறும், ஆனால் எல்லாச் சக்கரமும் ஏறாது. நண்பர் ஒருவர் தன் பழைய சக்கர ஜோடியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்க நன்றாக இருந்தது, ஆசையோடு போய் அளந்தால் பின் ஹப் 142 மி.மீ., முன் ஹப் 100. என் ஃபிரேம் பூஸ்ட், அதாவது பின்னால் 148, முன்னால் 110. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இதற்குக்கூட அடாப்டர் விற்கிறார்கள், அதைப் போட்டு டிஸ்க்கையும் வெளியே தள்ளி, ரிம்மை நடுவுக்கு இழுத்துக் கம்பிகளை மறுபடி இறுக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டப் போகிற சக்கரத்தில் இந்த ஒட்டுவேலை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் பூஸ்ட் ஹப், 21 மி.மீ. ரிம், பின் பல்சக்கர அடுக்கான என் கேசட் ஏறுகிற பழைய ஹெச்ஜி வகை ஃப்ரீஹப் எல்லாம் பார்த்து ஒரு புது ஜோடி வாங்கினேன். 35 மி.மீ. டயர் போட்டு வாசலில் வைத்தபோது எதிர்வீட்டு மாமா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, புது டயரையே மொட்டையா வாங்கியிருக்கீங்க" என்றார்.

அஞ்சு நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆக்சிலைச் சுழற்றி உருவு, பழைய சக்கரத்தை எடு, புதியதை வை, முறுக்கு. முறுக்கிவிட்டுப் பெடலைச் சுற்றினால் பின்னால் 'சர்ர் சர்ர்' என்று டிஸ்க் உரசுகிறது, முன்னால் சரியாக இருக்கிறது, கியர் போட்டால் செயின் இரண்டு பல்லுக்கு நடுவே தடுமாறுகிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறுக்கினேன், உரசல் நின்றது. அடுத்த வாரம் பட்டன் சக்கரத்தைத் திரும்ப மாட்டினால் இப்போது அது உரசுகிறது! இப்படியே மூன்று வாரம் ஒவ்வொரு தடவையும் காலிப்பரைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் எனக்கு வழக்கமாக வேலை பார்த்துத் தருகிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செருப்பு மாத்தற மாதிரின்னு நெனச்சுட்டீங்களா தம்பி? இது பல்செட் மாத்தற மாதிரிங்க. அளவெடுத்துப் பண்ணோணும்."

விஷயம் இதுதான். பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. என் பழைய ஹப் சென்டர்லாக், டிஸ்க்கை ஒரே வளையத்தால் இறுக்குவது, புதியது ஆறு போல்ட் போட்டு இறுக்குவது. இரண்டும் ஒரே 148 மி.மீ. ஹப்தான், ஆனாலும் டிஸ்க் உட்காரும் இடம் மயிரிழை உள்ளே வெளியே இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். அண்ணன் புதுச் சக்கரத்தின் டிஸ்க்கைக் கழற்றி ஹப்புக்கும் அதற்கும் நடுவே 0.2 மி.மீ. தகட்டு வளையம் ஒன்று வைத்தார், போதவில்லை, இன்னொன்று வைத்தார், சரியாகிவிட்டது. காலிப்பரைத் தொடவே இல்லை. சக்கரத்தைத்தான் காலிப்பருக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும், காலிப்பரைச் சக்கரத்துக்கு ஏற்றபடி அல்ல. மூன்று வாரம் நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். கேசட்டுக்கும் அதே வைத்தியம்தான். அதன் பின்னால் ஒரு மெல்லிய வளையம் போட்டதும் இரண்டு சக்கரத்திலும் கியர் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தது.

அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். நான் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று புதுச் சக்கரத்துக்கு விலை குறைந்த டிஸ்க் வாங்கியிருந்தேன். அதன் மேலேயே பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று வெட்டியிருக்கிறது. என் காலிப்பரில் இருப்பது மெட்டல் பேட், கோத்தகிரி இறக்கத்துக்காகப் போட்டது. மெட்டல் பேட் அந்த மென்மையான டிஸ்க்கை அரம் மாதிரி தின்றுவிடும். டிஸ்க்கை மாற்றினேன். மிச்சம் பிடித்தது செலவாகி அதற்கு மேலும் போனது.

இந்த அலைச்சலில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது: இரண்டு ஜோடிச் சக்கரமும் நடுவில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும், வித்தியாசமெல்லாம் ஓரத்தில்தான். முடிந்தால் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஹப், ஒரே அளவு டிஸ்க், ஒரே கேசட். ரிம்மும் டயரும் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும். ரோட்டுக்கு 11-28 மாதிரி, அதாவது 11 பல்லில் தொடங்கி 28 பல்லில் முடிகிற சின்ன கேசட் போடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. போட்டால் ஒவ்வொரு தடவையும் செயினை நகர்த்துகிற டெரெய்லரில், பல்சக்கரத்திலிருந்து அதன் தூரத்தைச் சரிசெய்கிற பி-திருகைத் திருப்ப வேண்டும், செயின் நீளமும் பொருந்தாது. இரண்டிலும் 11-51 தான் வைத்திருக்கிறேன், ரோட்டில் அந்தப் பெரிய பல்சக்கரம் சும்மா அழகுக்கு இருக்கிறது.

மகள் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு "அப்பா, பிரேக் உள்ள போயிடுச்சு" என்கிறாள். ஹைட்ராலிக் பிரேக்கில் நடுவே டிஸ்க் இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. பிளாஸ்டிக் டயர் லீவரைச் செருகி மெதுவாக நெம்பித் தள்ளினால் திரும்பிப் போய்விடும், பெரிய சேதம் இல்லை. புது சைக்கிள் வரும்போது காலிப்பரில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்குமே, குப்பையில் போடுவோமே, அது இதற்காகத்தான். என்னுடையது எப்போதோ போய்விட்டது, இப்போது நாலாக மடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று அந்த வேலையைச் செய்கிறது.

செயின்தான் யாரும் எச்சரிக்காமல் என்னை மாட்டிவிட்டது. என் ஓட்டத்தில் முக்கால்வாசி ரோட்டில். எட்டு மாதம் கழித்துச் செயின் கேஜ் வைத்துப் பார்த்தால் தேய்மானம் 0.75 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, புதுச் செயின் போட்டேன். பட்டன் சக்கரத்தில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ரோடு சக்கரத்தை மாட்டி அழுத்தி மிதித்தால் 13, 15, 18 பல் மூன்றிலும் டக் டக்கென்று வழுக்குகிறது. நான் எப்போதும் ஓட்டுவது அந்த மூன்றில்தான். பழைய செயினோடு சேர்ந்து அந்தப் பற்களும் தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிப்போய்விட்டன, புதுச் செயினை அந்தப் பற்கள் ஏற்கவில்லை. இப்போது சக்கரத்துக்கு ஒரு செயின் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன், சக்கரம் மாறும்போது செயினும் மாறும். இதற்குத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற, செயினின் இரு முனையையும் சேர்க்கும் விரைவு இணைப்பாகப் பார்த்து வாங்குங்கள், பல இணைப்புகள் ஒரே தடவைக்குத்தான். ஆமாம், அஞ்சு நிமிஷம் இப்போது பத்து நிமிஷமாகிவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டதற்கு ஓட்டம் எப்படி? முதல் நாள் வாளையார் ரோட்டில் வண்டி காற்றில் போகிற மாதிரி இருந்தது. டயர் எடை கிட்டத்தட்ட பாதி, காற்று 24 பிஎஸ்ஐக்குப் பதில் 55, அந்தப் பட்டன்கள் போடுகிற 'ஊம்ம்' சத்தம் இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை. 2.3 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2326 மி.மீ. போகும், 35 மி.மீ. டயர் 2168. அதாவது அதே கியர், அதே மிதி, தூரம் மட்டும் சுமார் 7 சதவீதம் குறைவு. முன்னால் 32 பல், பின்னால் 11, நிமிஷத்துக்கு 90 மிதி என்றால் பட்டன் டயரில் 36.5 கி.மீ. வேகம் வரும், வேகத்துக்கென்றே வாங்கிய டயரில் 34! ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் இது நன்றாகவே தெரியும். போகும்போது முகத்தில் அறைந்து 18ஐத் தாண்டவிடாது. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், கால் சுற்றிச் சுற்றிக் காலியாகிவிடும், கியர் தீர்ந்துவிடும், பக்கத்தில் ரோடு பைக்காரர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டே தாண்டிப் போவார்கள். முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் இட்டேரி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். காந்தம் வைத்த ஸ்பீடோமீட்டர் வைத்திருப்பவர்கள் ரோடு சக்கரம் மாட்டும்போது சக்கரச் சுற்றளவை மாற்ற மறந்தால் கிலோமீட்டர் கணக்கு கூடுதலாகக் காட்டும், மனசுக்கு நல்லது. வண்டியும் 25 மி.மீ. தாழ்ந்துவிடும், வளைவில் உள்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

மாட்டாத ஜோடியை எங்கே வைப்பது என்பது தனிக் கதை. ஸ்டோர் ரூமில் சாத்தி வைத்திருந்தேன், அம்மா தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்க் கையோடு அதை நகர்த்தி வைத்திருக்கிறார். டிஸ்க்கைப் பிடித்து. அடுத்த நாள் முதல் சிக்னலில் பிரேக் பிடித்தால் பன்றி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், வண்டி மட்டும் நிற்கவில்லை. டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேடை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தும் சரிவரவில்லை, பேடை மாற்ற வேண்டியதாகிவிட்டது. இப்போது சக்கரங்கள் பால்கனி மேலே கொக்கியில், டிஸ்க்குக்குப் பழைய தலையணை உறை. தொங்குகிற ட்யூப்லெஸ் சக்கரத்தை வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் சீலண்ட் ஒரே இடத்தில் தேங்கிக் கட்டியாகிவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். சீலண்ட் இல்லாமல் இட்டேரியில் போக நினைக்கவே வேண்டாம். கிளுவை வேலியை வெட்டிவிட்டால் தடம் முழுக்க முள், அது இல்லாத இடத்தில் நெருஞ்சி. ஒருநாள் வீட்டுக்கு வந்து எண்ணினால் பின் டயரில் மட்டும் பதினோரு நெருஞ்சி முள், காற்று இரண்டு பிஎஸ்ஐதான் குறைந்திருந்தது.

மாதத்துக்கு ஒருமுறைதான் மண்ணில் இறங்குவேன் என்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், நடுத்தரமான ஒரு டயரைப் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் ஓட்டலாம். கிழக்கே சூலூர்ப் பக்கம் கரிசல்காட்டில் மழைக்குப் பிறகு போக நினைக்கிறவர்கள் எந்தச் சக்கரத்தையும் மாட்ட வேண்டாம், வீட்டில் இருங்கள்.

நேற்று ராத்திரி மழை, இன்றைக்கு நல்ல வெயில். செம்மண் நாளைக்குப் பதமாக இருக்கும். பட்டன் ஜோடியை இறக்கி மாட்டிவிட்டேன், அதன் செயினையும் போட்டாயிற்று. காலையில் அஞ்சே முக்காலுக்குப் பேரூர் படித்துறை, முன் சக்கரத்தில் காற்று மட்டும் பார்க்க வேண்டும்.