கல்வெட்டில் கிடைத்த நான்காமவர்

எங்கள் பாடசாலை மண்டபச் சுவரில், 1939–1945 என்ற ஆண்டுகளின் கீழ், இரண்டாம் உலகப் போரில் இறந்த பழைய மாணவர் நால்வரின் பெயர்கள் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று உள்ளது. நூற்றாண்டு மலருக்காக அந்த நால்வரும் யார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று எழுதும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கம் என்னிடம் தந்தபோது, ஒரு மாத வேலை என்றே எண்ணினேன். ஒன்றேகால் வருடம் பிடித்தது.

இருவர் ஒரே மாலையில் கிடைத்தார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெற்றோர் பெயரும் யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. ஒருவர் மலேசியாவின் தைப்பிங்கிலும் மற்றவர் திருகோணமலையிலும் உறங்குகிறார்கள்.

மூன்றாமவர்தான் என்னை அலைக்கழித்தார். மாணவர் சேர்க்கையைப் பதியும் சேர்விடாப்பைப் பார்க்கலாமென்றால், அது 1995 இடப்பெயர்வுக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. தகட்டில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாக மட்டும் இருந்ததால், முழுப்பெயரை அறியப் பிறப்புப் பதிவைத் தேடி ஒரு கந்தோருக்குப் போனேன். விண்ணப்பத்தில் "யுத்தத்தில் இறந்த பழைய மாணவர்" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த எழுதுவினைஞர் முகம் மாறி, "இதுகளுக்கு மேலிடத்து அனுமதி வேணும், ஐயா" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். எங்கள் ஊரில் யுத்தம் என்றால் எது நினைவுக்கு வரும் என்பதை நான் முன்னரே யோசித்திருக்க வேண்டும். அடுத்த முறை "இரண்டாம் உலகப் போர்" என்று தலைப்பிலேயே எழுதி, அதிபரின் கடிதத்தையும் இணைத்துச் சென்றேன்; அன்று இடாப்புக்குப் பொறுப்பானவர் விடுமுறையில் நின்றார். மூன்றாம் முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்தையின் முழுப்பெயர் கையில் வந்த பிறகே என் தவறு புரிந்தது. ஆங்கிலப் பதிவாளர்கள் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, மாணவனின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிவிட்டிருந்தார்கள். நானோ நான்கு மாதமாக மாணவனின் பெயரையே தேடிக்கொண்டிருந்தேன். எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை: சின்னத்தம்பி போன்ற பெயரை எஸ்ஸில் தொடங்கியும் தேட வேண்டும், சியில் தொடங்கியும் தேட வேண்டும். மலாயாத் தொண்டர் படையில் சேர்ந்த அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பெயர் மட்டும் உண்டு. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டிருப்பதால், தூண் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் படமெடுக்கச் சென்ற எங்கள் பழைய மாணவர் ஒருவர் வெறுங்கையுடன் திரும்பினார். அந்த இலக்கம் ஆணைக்குழுவின் பதிவிலேயே இருக்கிறது. நான்தான் அவருக்கு அனுப்ப மறந்துவிட்டேன்.

நான்காமவரின் பெயர் எந்தப் படைப் பதிவிலும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு கல்வெட்டு; கல்லில் பொறித்ததல்ல, இறந்தவரின் நினைவாக அச்சிடும் நூல். அவருடைய தங்கையின் அந்தியேட்டிச் சடங்கில் வழங்கப்பட்ட அந்தச் சிறு நூலை உறவினர் ஒருவர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். வம்சவழியில், மலாயா ரயில்வேயில் இலிகிதராக இருந்த தமையன் சியாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளவில்லை என்று ஒரு வரி இருந்தது. கந்தோர்களுக்கு அலைவதற்கு முன் வீடுகளில் கிடக்கும் கல்வெட்டுகளைத் தேடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

1942இலும் 1943இலும் சப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீற்றர்ப் பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்குக் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் பர்மாவின் தன்பியூசயாட்டிலும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்காக மடிந்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. மலரின் அட்டவணையில் "அடக்கம் செய்யப்பட்ட இடம்" என்ற கட்டத்தை வெறுமையாக விடலாம் என்றார் தொகுப்பாளர். வாதாடி, "சியாம்–பர்மா ரயில் பாதையோரம்" என்று எழுதுவித்தேன். அச்சுப் படியில் அந்த வரி எப்படியோ விடுபட்டிருந்தது. அச்சகத்திலேயே நின்று திருத்துவித்த பின்னர்தான் வீடு திரும்பினேன்.