பந்தயக் கோடரியின் வாய்

விறகுக் கோடரி தீட்டிப் பழகிய கையில், மரம் வெட்டும் போட்டிகளுக்கான பந்தயக் கோடரியைக் கொடுத்தால், பெரும்பாலும் முதல் தீட்டலிலேயே அதன் வாய் கெட்டுவிடும். மெல்பேர்னில் குடியிருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது தந்துவிட்டுப் போன பழைய பந்தயக் கோடரி ஒன்றைப் பராமரித்து வருவதால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் மரம் வெட்டுவது 19ஆம் நூற்றாண்டிலேயே போட்டியாகிவிட்டது. 1891இல் அங்குள்ள லாட்ரோப் என்னும் ஊரில் உலகப் பட்டத்துக்கே வெட்டினார்கள். கிடத்திய மரத்தின்மேல் ஏறி நின்று, தம் இரு பாதங்களுக்கும் நடுவே வெட்டி, 30 சென்ரிமீற்றர் அளவு விட்டமுள்ள மரத்தைத் தேர்ந்தவர்கள் அரை நிமிடத்துக்குள் இரண்டாக்கிவிடுகிறார்கள்.

அந்த வேகத்துக்குத் தோள்பலம் மட்டும் போதாது. விறகுக் கோடரியின் வாய் 25 முதல் 30 பாகை வரை தடித்திருக்கும். பந்தயக் கோடரியிலோ மென்மரத்துக்கு 15 பாகையை ஒட்டியும், வன்மரத்துக்குச் சற்றுக் கூடவும் வைக்கிறார்கள். கணுவில்லாத பச்சை மரத்தில் அது ஆழ இறங்கும். நம்மூர்க் காய்ந்த முதிரையிலோ பாலையிலோ போட்டால் வாய் பொடிந்துவிடும். ஆகவே காற்றில் விழுந்த முள்முருக்கும் இலவும் கிடைக்கும்போதுதான் நான் அதனை வெளியே எடுப்பது.

தண்ணீர் படாமல் வேகமாகச் சுழலும் மின்சாரச் சாணையை இதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்து உருக்கின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நான் கைக்கல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். முதலில் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு பூசிவிட்டு இரண்டு மூன்று தரம் கல்லை ஓட்டினால், மை அழிந்த இடம் கல் எங்கே படுகிறது என்பதைக் காட்டிவிடும். மேற்பகுதியில் மட்டும் அழிந்து நுனியில் மை மிஞ்சியிருந்தால், கல்லை ஒரு மயிரளவு நிமிர்த்த வேண்டும். மறுபக்கத்தில் நுண்ணிய பிசிர் பெருவிரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்த்து, பக்கம் மாற்றி, மென்மையான கல்லுக்கு வந்து, கடைசியில் தோல்வாரில் இழுத்தால் பிசிர் விழுந்துவிடும். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது எங்காவது வெள்ளைப் புள்ளி மினுங்கினால், அவ்விடம் இன்னும் மொட்டைதான்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் எங்களுக்குத் துருதான் பெரிய பகை. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போவதால் தையல் மெசின் எண்ணெயையே பூசுகிறேன். மாரிகாலத்தில் தோலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், துடைத்து எண்ணெயிட்டு மரப்பெட்டியில் வைப்பதே நல்லது. பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். வெயிலில் சாத்தி வைத்தால் பிடி காய்ந்து ஆப்பு தளர்ந்துவிடும்.

பெட்டிக்குப் பூட்டும் போட்டிருக்கிறேன். “நல்ல கூராக் கிடக்கே, தம்பி, பாலைக் கட்டையொண்டு பிளக்கக் கிடக்கு” என்று கேட்டு வரும் பக்கத்து வீட்டு மாமாவுக்கு, கதவுக்குப் பின்னால் நிற்கும் விறகுக் கோடரியை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.