"நீங்களே சொல்லுங்க சார்"

மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும், மாணவர்களுக்கான வழிகாட்டுதல், ஆலோசனை டிப்ளமோ ஒரு வருடப் படிப்பு. முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தபடி பாடம், அடுத்த மூன்று மாதம் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி. காரைக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு நேரடி வகுப்பு மைசூரில் அமைந்தது.

தியரி பெரிய சிரமமில்லை. தொழில் வழிகாட்டுதலின் முன்னோடியான அமெரிக்கர் ஃப்ராங்க் பார்சன்ஸின், 1909இல் வந்த புத்தகத்திலிருந்து தொடங்குவார்கள். தன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் சொன்ன வழி. அதே காலத்தில் எங்கள் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் ஏஜென்ட் வரை உயரலாம். பையனைக் கேட்டா அனுப்பினார்கள்? பெரியவர்கள் முடிவு செய்தார்கள், அவன் போனான். வட்டிக்கடைகள் போய்விட்டன, அந்தப் பழக்கம் மட்டும் எல்லாச் சாதியிலும் அப்படியே இருக்கிறது. மே மாதம் மார்க் லிஸ்ட்டோடு வருகிறவர்கள், "என்னத்துல சேக்கலாம், நீங்களே சொல்லுங்க சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

பயிற்சி கை வைத்ததும் நாமே சொல்லிவிடும் அந்தப் பழக்கத்தில்தான். மூன்று பேராகப் பிரித்து உட்கார வைப்பார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் ஆலோசனை கேட்பவர், மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். பேசியதைப் பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதி, ஒவ்வொரு கேள்வியையும் எதற்குக் கேட்டோம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். வந்திருந்த வாத்தியார்கள் எல்லோருடைய தாளிலும் ஒரே கதைதான்: எதிரில் இருப்பவர் ரெண்டு வரி, நாங்கள் அரைப் பக்கம். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு, கணக்குப் பாடம் நடத்துவதைவிட அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது.

களப்பயிற்சியில் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்ல வேண்டும். அப்பா ஆத்தங்குடியில் கையால் டைல்ஸ் செய்கிறவர். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு வகைத் தொழில் ஆர்வங்களை வைத்து ஒரு பட்டியல் கொடுத்தேன். கலை சம்பந்தப்பட்ட வரி எதிலும் அவன் டிக் போடவில்லை. லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமென்ட் ஊற்றுவானாம். அச்சில்லாமல் கையாலேயே கொடியும் பூவும் இழுக்க வரும் என்று சாதாரணமாகச் சொன்னான். "அப்புறம் ஏன் இதுல டிக் போடல?" "அது எங்கப்பா வேலை சார்."

பதிலுக்கு ஏதாவது சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "இதுல படிக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?" என்றான். அதற்குப் பிறகுதான் நுண்கலைக் கல்லூரி, கட்டடக்கலை, டிசைன் என்று பேச முடிந்தது. எதில் சேருவான் என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பாவிடம் பேசணும் என்கிறான், சரி என்றேன்.

தகவல் சொல்லும் பாகம் தனி உழைப்பு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு, உள்ளே பேட்டரியிலும் உலோகம் துருப்பிடிப்பதிலும் ஆராய்ச்சி நடப்பது தெரியாது. பாலிடெக்னிக் முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம் என்பதும் பல வீடுகளில் தெரியாது. மாணவர்களின் திறனுக்கும் மேற்படிப்பு வழிகாட்டுதலுக்கும் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த நான் முதல்வன் திட்டத்தால் பள்ளியில் இந்தப் பேச்சுக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைப் பிள்ளைகள் படிப்பதில்லை, உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகள் என்றால் அம்மாவோ அப்பத்தாவோ கூடவே வருவார்கள். ஒரு பொண்ணுக்கு நர்சிங் ஆசை. "வேணாம் சார், உள்ளூர்லயே பி.காம். போடுங்க" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். நர்சிங் வேலையைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் கிளாஸ் விட்டு வந்தால் அவர்கள் ஊருக்கு பஸ் கிடையாது, அவ்வளவுதான். ஹாஸ்டல் உள்ள கல்லூரிகளைப் பார்த்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்றதும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் படிப்புக்குப் போக நினைக்கும் ஆசிரியர்கள் விடுப்பு விஷயத்தை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மூன்று மாத நேரடி வகுப்பு தொடர்ச்சியாக நடக்கும், இடையில் ஊருக்கு வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போக வழியில்லை. களப்பயிற்சியில் பேசியதை எல்லாம் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள்.