பிரசிடெண்டுக்கு அரைக்கிலோ சிப்ஸ்

தங்கச்சி மகன் அபி அமெரிக்காவில் படிக்கிற பல்கலைக்கழகம் அடுத்தவன் பூமியில் கட்டியது என்று தெரிந்ததிலிருந்து சித்தப்பா இருப்புக்கொள்ளாமல் அலைகிறார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வரவேற்று அவர்களுடைய பிரசிடெண்ட் பேசப் போகிறார், எல்லாரும் நேரலையில் பாருங்கள் என்று அபி லிங்க் அனுப்பியிருந்தான். நம் ஊரில் துணைவேந்தர் என்றால் அங்கே பிரசிடெண்ட். அங்கே காலை பத்து மணி, இங்கே கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ராத்திரி ஏழரை. அம்மாவின் சீரியல் நேரம். மழையில் தொழுவம் சாய்ந்த அன்றுகூட அவள் அந்தச் சீரியலை விட்டு எழுந்தவள் இல்லை. பேரனுக்காக ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தாள். தங்கச்சி பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சித்தப்பாவை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு டிவி சத்தம் கேட்டால் அவருக்கு அழைப்பு தேவையில்லை.

பிரசிடெண்ட் பேசுவதற்கு முன்னால் ஒரு அம்மா மேடையேறி, இந்த இடம் ஆதியில் இன்னின்ன பழங்குடி மக்களுடையது, அவர்களை மரியாதையோடு நினைவுகூர்கிறோம் என்று படித்தார். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இப்போது இது வழக்கம். நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"மைக் வெச்சு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஆமாங் சித்தப்பா."

"அப்பத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

"இல்லீங். நினைவுகூர்றதோட சரி."

வரப்பு வழக்குக்காகச் சித்தூர் கோர்ட்டுக்கு நடந்தே செருப்புத் தேய்ந்தவர். எதிராளி ஒரு தரமாவது கூண்டில் ஏறி இப்படி வாய்விட்டுச் சொல்ல மாட்டானா என்பதுதான் அவருடைய மீதி ஆயுளின் ஒரே ஆசை. அதோடு நின்றாரா? "நம்மளக்கூடத்தான் கேக்காமக் கொள்ளாம 1956-ல கேரளாவுல சேத்துனாங்க. எவனாச்சும் மேடையேறி நினைவுகூர்ந்தானா?" என்று ஆரம்பித்தார். நம்ம சித்தூர் தாலுக்கா அதற்கு முந்தியே கொச்சி ராஜ்யம்தானுங்களே என்றேன். "அப்பக் கொச்சி ராஜா நினைவுகூரட்டும்" என்று உட்கார்ந்தார்.

பிரசிடெண்ட் வந்தார். கறுப்பு அங்கி, கழுத்தில் தடித்த சங்கிலி, அதன் நுனியில் தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு பதக்கம். அம்மாவின் கண் அதற்கப்புறம் அதை விட்டு நகரவில்லை.

"எத்தனை பவுன் இருக்கும்?"

"பித்தளையா இருக்கும்மா" என்றாள் தங்கச்சி.

"இத்தாப் பெரிய காலேசு வெச்சிருக்கறவன் பித்தளையா போடுவான்?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் யாரும் தற்செயலாக இங்கே வந்துவிடவில்லை, உங்களைத் தேர்ந்தெடுத்ததில் எந்தத் தப்பும் நடக்கவில்லை என்றார். "வீட்டுப் பத்திரத்தக் கொண்டுபோய் பேங்க்ல வெச்சதுக்கப்புறம் தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னா நான் சும்மா விட்டிருவேனா?" என்று தங்கச்சி டிவியைப் பார்த்தே கேட்டாள். நேரத்துக்குத் தூங்குங்கள், மனசு சரியில்லை என்றால் கவுன்சலிங்குக்கு வாருங்கள், வீட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்றார். பிறகு எல்லாரும் ஒருமுறை இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள், இவர்கள்தான் இனி உங்கள் குடும்பம் என்றார். அரங்கம் முழுக்கத் தலைகள் திரும்பின. அம்மாவும் திரும்பினாள். இடது பக்கம் சித்தப்பா. "இவரை எனக்கு முன்னயே தெரியும்" என்று மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் தென்னை மரத் தகராறு ஒன்று இன்னும் தீரவில்லை.

நான் படித்த காலத்தில் துணைவேந்தர் என்பவர் டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968-இல் ஆரம்பித்தது, இருப்பது தேஞ்ஞிப்பலத்தில். அந்தப் பக்கமே போகாமல் அதன் பட்டத்தை வாங்கியவன் நான். எங்கள் யூனியன் விழாவுக்கு ஒருமுறை துணைவேந்தர் வருவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால். கேண்டீனில் மிஞ்சிய பழம்பொரி எல்லாம் எங்களுக்கு. உரையை விட அது நன்றாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அபியின் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னாராம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு 1958 முதல் 1967 வரை பிரசிடெண்டாக இருந்த கிளார்க் கெர், தன் வேலையில் மூன்றே மூன்று பிரச்சினைதான் என்பாராம்: மாணவர்களுக்குக் காமம், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, வாத்தியார்களுக்கு வண்டி நிறுத்த இடம். அப்படிப்பட்ட மனிதரை, ரீகன் கவர்னராகப் பதவியேற்ற அதே மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். 2022-இல் கேரளக் கவர்னர் ஒன்பது துணைவேந்தர்களிடம் ஒரே மூச்சில் ராஜினாமா கேட்ட கூத்தைப் பேப்பர் பேப்பராகப் படித்தவர் அவர். "அங்கேயுமா?" என்றார். குரலில் ஒரு நிம்மதி.

எல்லாம் நல்லபடியாக முடிய இருந்தது. கடைசியில் அந்த மனிதர், என் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும், வந்து பாருங்கள் என்று சொல்லித் தொலைத்தார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அதையும் அம்மாவுக்குச் சொன்னேன்.

மறுநாள் அபி போனில் வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "பெரிய மனுசன் கூப்பிட்டிருக்கறாரு. வெறுங்கையோட போகாத சாமி. நேந்திரங்கா சிப்ஸ் குடுத்துவுட்டனல்ல, அதுல கொஞ்சம் எடுத்துட்டு ஒரு எட்டுப் போயிட்டு வா."

"அம்மிச்சி, அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது."

"மேடையில மைக் வெச்சுச் சொன்னவன் பேச்சுக்கா சொல்லுவான்?"

இத்தனை எலெக்ஷன் பார்த்த பிறகும் இப்படிக் கேட்க அம்மாவால்தான் முடியும்.

நச்சரிப்பு தாங்காமல் அபி அந்த ஆபீசுக்கு மெயில் போட்டான். பதில் வந்தே விட்டது. அக்டோபரில் பதினைந்து நிமிடம். எது குறித்துப் பேச விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கிறான். பையன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு வார்த்தை பிரசிடெண்ட் காதில் போட்டுவைக்கச் சொல்கிறாள் அம்மா. கொண்டுபோன சிப்ஸை அவன் முதல் வாரமே தின்று தீர்த்துவிட்டான். தீராமல் இருந்தாலும் அக்டோபருக்குள் காறிப்போயிருக்கும், ஆகவே புதிதாக அரைக்கிலோ அனுப்ப வேண்டுமாம். பாமாயிலில் பொரித்தது கூடாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அபியைத் தனியாகப் பிடித்து, ஏன்டா, அந்தக் கதவை நீயே சாத்தியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். சிரித்தான். அப்புறம் சும்மா பேச்சு வாக்கில், "அன்னிக்கு இடது பக்கம் பாருங்கன்னாரே மாமா, எனக்கு இடது பக்கம் காலிச் சேர். வலது பக்கத்துப் பையன் காதுல மாட்டிட்டு உக்காந்திருந்தான்" என்றான்.

பாலக்காட்டில் தேங்காயெண்ணெயில் கண் முன்னால் பொரித்துக் கொடுக்கிற கடையாகப் பார்த்து இரண்டு கிலோ கட்டச் சொன்னேன். பக்கத்து ரூம் பையன்களுக்கும் கொடுக்கச் சொல்லி மேலே சீட்டு ஒட்டினேன். கூரியர்க்காரர் எடை போட்டு, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் காசுக்கு ஓணத்துக்கு வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கலாம்.