ஐக்கைட் விட்டுப்போன உருவம்

உள்ளங்கைக்குள் அடங்குகிற பழுப்புக் கல். நெருஞ்சிக்காயைப் பெரிதாக்கியதுபோல் எல்லாப் பக்கமும் கூர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், வெண்கடல் கரையிலுள்ள ஒலெனித்சாவில் கிடைத்த க்ளெண்டனைட். மூன்று மாதம் பணம் சேர்த்து வாங்கினேன்.

பொருளால் இது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் தாது. உருவமோ ஐக்கைட் என்ற வேறொரு படிகத்துடையது. கால்சியம் கார்பனேட்டோடு ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தது ஐக்கைட். உறைநிலையை ஒட்டிய குளிரில் வளரும். சில டிகிரி வெப்பம் ஏறினால் நீரை இழந்து குலைந்துவிடும். மிஞ்சும் கால்சைட் பழைய கன அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கடலடிச் சேற்றுக்குள் புதைந்திருந்தால் மட்டும், சேறு அச்சைப்போல் உருவத்தைப் பிடித்துவைத்திருக்க, பிறகு ஊறிவந்த கால்சைட் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது.

நான் சேர்ப்பதெல்லாம் இத்தகைய பொய்யுருக்களைத்தான்: ஒரு தாதுவின் உருவில் இருக்கும் வேறொரு தாது. பைரைட் என்ற இரும்புத் தாதுவின் கனசதுரம் கலையாமல், கோதைட் என்ற வேறோர் இரும்புத் தாதுவாக மாறியது ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சியின் பேட்டர்சனிலிருந்து வந்த குவார்ட்ஸில், அன்ஹைட்ரைட் என்ற தாது கரைந்துபோன நீள்சதுரப் பொந்துகள் இருக்கின்றன. ஆனாலும் மனம் க்ளெண்டனைட்டிடமே திரும்புகிறது.

காரணம் அதன் வரலாறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலுள்ள க்ளெண்டன் என்ற இடத்தால் 1905இல் அதற்குப் பெயர் வந்தது. மறைந்த படிகம் க்ளாபரைட் என்ற உப்புத் தாது என்று அன்று கருதினார்கள். கிரீன்லாந்தின் ஐக்கா ஃபியோர்டில் ஐக்கைட் இயற்கையில் கண்டறியப்பட்டது 1960களில்தான். அண்டார்க்டிகக் கடலடிச் சேற்றில் கிடைத்த ஐக்கைட் படிகங்களை வைத்து, க்ளெண்டனைட்டின் மூலம் இதுவே என்று 1982இல் எழுதினார்கள். அத்தனை ஆண்டுகளும் உருவம் கையில் இருந்தது, உரியவர் பெயர்தான் தெரியவில்லை.

ஒரு வருத்தமும் உண்டு. முதலில் வாங்கிய சிறிய க்ளெண்டனைட்டை, ஒட்டியிருந்த மண் போகட்டும் என்று வினிகரில் ஊறவைத்தேன். கார்பனேட்டை அமிலம் கரைக்கும் என்பதை அறிந்திருந்தும் செய்தேன். ஒரு மணி நேரத்தில் கூர்கள் மழுங்கிவிட்டன. ஒரு படிகம் இருந்ததற்குச் சாட்சியாக மிஞ்சியவை அந்த விளிம்புகள் மட்டுமே. இப்போது மென்தூரிகையைத் தவிர வேறெதையும் தொடவிடுவதில்லை.

பொய்யுருவின் பெயர்ச்சீட்டில் இரண்டு பெயர்கள் வேண்டும்: இருப்பது, இருந்தது. “கால்சைட், ஐக்கைட்டுக்குப் பின்.” கடைசி இழுப்பறையில் ஒரு குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அதன் பொந்துகளைக் கோணமானியால் பலமுறை அளந்தும் எதனுடையவை என்று உறுதிப்படவில்லை. அதன் சீட்டைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்: “குவார்ட்ஸ், ............க்குப் பின்.”