விழா முடிந்த மறுநாள்

ஒரு பழைய கட்டடத்தின் நூற்றாண்டு விழா முடிந்த மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முந்தைய நாள் மட்டும் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகக்கூட எழுதியிருந்தார்கள். அடுத்து வந்த மாதம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பக்கம். நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனா மை காய்ந்துபோனது. எழுதவில்லை என்று சொல்லக்கூட ஆள் வரவில்லை.

அந்தப் பழைய கட்டடத்தில் நான் தன்னார்வ வழிகாட்டி. நூற்றாண்டு விழாவுக்காக இரண்டு வருடம் உழைத்த குழுவிலும் இருந்தேன். கண்காட்சி, விழா மலர், மாணவர் போட்டிகள் என்று நிறைவு நாள் வரைக்கும் தேதி போட்டுத் திட்டம் வைத்திருந்தோம். அதற்கு மறுநாளுக்கு ஒரு வரிகூட இல்லை. "கூப்பிடுங்க, வர்றோம்" என்று பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தவர்களின் தாள்கள் அலமாரியில் அப்படியே கிடந்தன. ஒருவரையும் கூப்பிடாமல், மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பெரிய ஆண்டு விழா கூட்டம் சேர்க்கும், அதில் சந்தேகமே இல்லை. முதல் உலகப் போர் தொடங்கிய நூற்றாண்டான 2014இல் லண்டன் கோபுரத்தின் அகழியில், போரில் இறந்தவர்களின் நினைவாக 8,88,246 பீங்கான் பாப்பிப் பூக்களை நட்டார்கள். லட்சக்கணக்கில் மக்கள் வந்து பார்த்தார்கள். நவம்பரில் பூக்களை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை.

அதே போரை நினைவுகூரும் இன்னோர் இடம் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்து மெனின் வாயில். 1928இல் தொடங்கிய வழக்கப்படி அங்கே தினமும் மாலை எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஊதுகொம்பு ஊதுகிறார்கள். சில நிமிடங்கள்தான். இரண்டாம் உலகப் போரில் நகரம் ஜெர்மானியர் கையில் இருந்த காலத்தில் அது அங்கே நின்றுபோயிருந்தது. 1944 செப்டம்பர் 6, நகரம் விடுபட்ட அன்று மாலையே மறுபடி ஊதினார்கள். தூசு அடங்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

மாலியில் உள்ள ஜென்னே மசூதியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குள் ஏதோ பிடிபட்டது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. முழுக்க மண் சுவர், மழை கரைக்கும். அதனால் ஆண்டுதோறும் ஊரே கூடிச் சேறு குழைத்துப் பூசுகிறது. சுவரில் துருத்தி நிற்கும் பனங்கட்டைகளில் கால் வைத்து ஏறுகிறார்கள். ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். 2013இல் முடிந்தது 62ஆவது முறை. அதற்கான சடங்குகள் 2005இலேயே தொடங்கிவிட்டன. அங்கே அடுத்த விழாவுக்கான வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எங்களுடையது கல்லும் சுண்ணாம்பும். பூச வா என்று யாரையும் கூப்பிட முடியாது, தெரியாத கை பட்டால் கெட்டுப்போகும். ஆனால் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பொறியாளர் ஒருவர் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய எஃகு ஊசி பதித்துக் கொடுத்து, மாதம் ஒருமுறை இடைவெளியை வெர்னியர் அளவியால் அளக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும், அன்றைய வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுவர் விரிந்து சுருங்கும். ஒரு வருடமாவது அளந்தால்தான் அது வெறும் மூச்சா, நிஜமான நகர்வா என்று தெரியும்.

அலமாரித் தாள்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதிப்பேர் எடுக்கவில்லை. வந்தவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு மாணவி. முதல் நாள் அளவியின் தாடைகளை ஊசிகளின் மேல் பொருத்தவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே நோட்டில் எழுதினாள். மூன்றாவது மாதம் தம்பியை அழைத்து வந்தாள், ஐந்தாவது மாதம் தாத்தாவை. சுவரைப் பற்றி அவர்களிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள்.

இன்னொருவர் மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று மேற்கு வாசலைப் படம் எடுக்கிறார். கால் வைக்கும் இடத்தில் கல்லில் சாக்பீஸ் குறிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவருக்கு மனப்பாடம்.

கூட்டம் என்று சொல்ல முடியாது, மொத்தம் ஒன்பது பேர். எனக்கு அந்தப் பதினோரு பக்கத்தைவிட இந்த ஒன்பது பேர்தான் பெரிது.

போன வாரம் அந்தப் பெண் காய்ச்சலில் படுத்திருந்தாள். அளவு எடுக்கும் நாளன்று காலை அவள் அம்மா போனில் கூப்பிட்டு, "சார், நீங்க அளக்கும்போது ஊசிக்கு வெளிப்பக்கம் வெச்சு அளக்கணுமாம், உள்பக்கம் வெச்சிடாதீங்கன்னு சொல்லச் சொன்னா" என்றார். வெளிப்பக்கம் வைத்தே அளந்தேன். மூன்று முறை.