டாக்காவில் இரண்டு புத்தாண்டு

2019 ஏப்ரலில் டாக்கா போனதே பொஹேலா போய்ஷாக் பார்க்கத்தான். வங்கப் புத்தாண்டு அங்கே எந்த வருடமும் ஏப்ரல் 14, அரசு விடுமுறை. பொழுது விடியும்போதே ரம்னா பூங்கா மரத்தடியில் சாயாநட் அமைப்பின் பாடகர்கள் வரிசையாக உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். தாகூர் பாடல்களை பாகிஸ்தான் அரசு ஒதுக்கிவைக்கப் பார்த்த 1967-ல் தொடங்கிய வழக்கம் இது. 2001-ல் இதே இடத்தில் குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைகளுக்கு நடுவே நின்று கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் ஊர்வலம். மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த ஆந்தை, புலி, யானை எல்லாம் ஆளுயரத்துக்கு மேல். 1989-ல் மாணவர்கள் தொடங்கியதை 2016-ல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே 2016 முதல் அரசு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் போய்ஷாக் படியும் உண்டு. எந்த மதத்தவருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் பண்டிகைப் பணம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, அலுவலகங்கள் திறந்துவிட்டன. பழைய டாக்காவின் சங்காரி பஜாருக்குப் போனால், அங்கே அன்றுதான் புத்தாண்டு! சங்கு அறுப்பவர்கள் தலைமுறைகளாக வாழும் குறுகலான சந்து அது. பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். கடைகளில் பிள்ளையார் முன்னால் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பூஜை நடந்தது. ஹால்கதா என்கிறார்கள். பழைய பாக்கியைத் தீர்க்க வரும் வாடிக்கையாளருக்கு இனிப்பு. எனக்கு பாக்கி எதுவும் இல்லை, இருந்தாலும் ஒரு ரசகுல்லா கையில் வந்தது.

ஏன் ஒரு நாள் தள்ளி? இவர்கள் பார்ப்பது பஞ்சாங்கம். சூரியன் மேஷத்தில் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் நமக்கு அன்றே சித்திரை 1. வங்கப் பஞ்சாங்கத்தில் நள்ளிரவுதான் எல்லை. அதற்குள் நுழைந்தாலும் மறுநாள்தான் மாதப் பிறப்பு. அந்த வருடம் 14-ம் தேதி பிற்பகலில் நுழைந்ததால் நமக்கு 14, கொல்கத்தாவுக்கும் சங்காரி பஜாருக்கும் 15. வங்கதேச அரசோ மொழியறிஞர் முகம்மது ஷஹிதுல்லா தலைமையிலான குழு 1966-ல் சொன்ன திருத்தத்தை 1987-ல் ஏற்று, புத்தாண்டை 14-லேயே நிறுத்திவிட்டது.

அந்தத் திருத்தத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. வங்க மொழிக்காக மாணவர்கள் உயிர்விட்ட 1952 பிப்ரவரி 21, வங்கக் கணக்கில் பால்குன் மாதம் 8. திருத்திய காலண்டரிலோ அது பால்குன் 9 ஆகிவிட்டது. 1971 விடுதலைப் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16-ம் அப்படியே; பௌஷ் மாதம் 1-க்குப் பதில் 2. இதைச் சரிசெய்ய 2019-ல் ஆஸ்வின் மாதத்தை 31 நாளாக்கி, பால்குனை 29 நாளாகக் குறைத்தார்கள். லீப் வருடத்தில் மட்டும் பால்குனுக்கு 30. இப்போது பிப்ரவரி 21 விடுமுறை மறுபடி பால்குன் 8-ல் வருகிறது. இறந்தவர்களின் நாள் அவர்கள் மொழியின் தேதியிலேயே நிற்கட்டும் என்று ஒரு நாடு மாதங்களின் நீளத்தையே மாற்றியது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். இந்த மாற்றத்தால் வசந்தத்தின் முதல் நாளான பால்குன் 1, பிப்ரவரி 13-லிருந்து காதலர் தினத்துக்கு நகர்ந்தது.

ஆனால் 15-ல் வரும் தன் புத்தாண்டன்று சங்காரி பஜாருக்கு விடுமுறை கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே பூஜையை முடித்துக் கிளம்ப வேண்டியதுதான். ஏப்ரலில் டாக்கா போகிறவர்கள் 14 முடிந்ததும் பெட்டி கட்டாதீர்கள். லீப் வருடத்தில் பஞ்சாங்கப் புத்தாண்டும் 14-லேயே வந்துவிடும்; மற்ற வருடங்களில் 15-ம் தேதி காலை அந்தச் சந்துக்குப் போய்வாருங்கள், கடைக்காரர்களே உள்ளே கூப்பிடுவார்கள்.